கச்சான் கடலும் சிவப்புக் கண்ணாடியும்

ஆனி பிறந்ததும் முட்டத்துக் கடலின் குரல் மாறிவிடும். பகலில் ஊர்ச் சத்தத்தில் கரைந்துபோகும் அந்த முழக்கம், இரவில் கரையை விட்டுத் தள்ளியிருக்கும் வீடுகளுக்குள்ளும் வந்து படுத்துக்கொள்ளும். கச்சான் காற்று மேற்கிலிருந்து ஏற ஏற, கலங்கரை விளக்கத்துக்குக் கீழே சித்திரையில் பிள்ளைகள் உட்கார்ந்து தூண்டில் போட்ட பாறைகள் நுரைக்குள் மறைந்து மறைந்து எழும். அந்த மாதங்களில் அங்கே வலிய வந்து நிற்பவர்கள் இரண்டே வகை. கடல் எப்போது அடங்கும் என்று பார்க்க வரும் மீனவர்கள் ஒரு வகை. இன்னும் கொஞ்ச நேரம் அடங்காமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு கேமராவோடு வருபவர்கள் இன்னொரு வகை.

அவர் இரண்டாவது வகை.

1980களின் கடைசியில் நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. வைகாசியிலும் ஆனியிலும் மண்டபம் மண்டபமாக ஓடி எடுத்த படங்களை ஆல்பத்தில் ஒட்டி முடித்துவிட்டால், ஆடி முழுக்க ஸ்டூடியோவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். மேற்குக் கடல் உச்சத்தில் கொந்தளிப்பதும் அதே ஆடியில்தான். பஞ்சாங்கமும் பருவக்காற்றும் பேசிவைத்துக்கொண்டு செய்ததுபோல் அமைந்த இந்த ஓய்வில் அவர் முட்டத்துக்கு டவுன் பஸ் ஏறத் தொடங்கினார்.

ஸ்டூடியோ முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கேமராவைக் கொடுத்தனுப்பும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: “உப்பு பட்டா கேமரா செத்துரும்டே. பாத்துக்கோ. சம்பளத்துல பிடிச்சிருவேன், கேட்டியா?”

அந்தக் கேமரா நிக்கான் எஃப்எம்2. 1982-ல் வந்த மாடல். ஊரில் கிடைக்காது, துபாயில் வேலை பார்த்த சொந்தக்காரர் ஒருவர் கைவழியாக வந்து சேர்ந்தது. ஷட்டர் நொடியில் 4,000-ல் ஒரு பங்கு வரை போகும் என்பதுதான் அதன் விளம்பரம். கடற்கரைக்காரருக்கு அதைவிட முக்கியமான விஷயம் வேறு. முழுக்க முழுக்க இயந்திரத்தால் ஓடுகிற கேமரா அது. உள்ளே இருக்கும் இரண்டு பட்டன் பேட்டரிகள் மீட்டருக்கு மட்டும்தான். ஈரம் பட்டு மீட்டர் செத்தாலும் ஷட்டர் அடித்துக்கொண்டே இருக்கும். எலெக்ட்ரானிக் கேமராக்கள் உப்புச் சாரலில் நடுவிலேயே மௌனமாகிவிடுகிற கதைகள் அப்போதே நிறைய உலவின.

ஃபிலிமை ரோலாக வாங்கிக் கட்டுப்படியாகாது. 100 அடி டின் ஒன்று வாங்கினால் லோடரில் சுற்றி 36 படம் பிடிக்கிற கேஸட்டுகள் பதினெட்டு தேறும். ஓர்வோ கிடைத்தால் ஓர்வோ, வேகம் வேண்டுமென்றால் கோடக் ட்ரை-எக்ஸ். பிரிண்டுக்கு ஊட்டியில் செய்த ‘இண்டு’ பேப்பர். அதைச் செய்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம். 1967 முதல் அங்கே உற்பத்தி நடந்தது. ஃபிலிம் செய்யக் குளிரும் தூசியற்ற காற்றும் வேண்டும் என்று மலைமேல் ஆலை வைத்தார்கள். அந்தப் பேப்பர் கடைசியில் நாகர்கோவில் புழுக்கத்தில், ஐஸ் கட்டி மிதக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் கழுவப்பட்டது. டெவலப்பர் டி-76. லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2 என்று அண்ணாச்சி தராசில் நிறுத்துத் தானே கலப்பார். 20 டிகிரியில் வைத்திருக்க வேண்டிய கரைசலுக்கு ஐஸ் வாங்கப் பக்கத்து மீன் கடைக்கு ஆள் போகும்.

ஃபில்டர்கள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தன. எல்லாம் 52 மில்லிமீட்டர். வெளிர் மஞ்சள், ஆரஞ்சு, 25-ஆம் எண் சிவப்பு, ஒரு போலரைசர், நிறமில்லாத யூவி ஒன்று. டப்பாவைத் திறந்ததும் கை போவது சிவப்புக்குத்தான். அந்தக் காலத்துப் புகைப்படப் புத்தகம் எதைப் புரட்டினாலும் கறுத்த வானமும் வெள்ளை மேகமுமாக ஒரு படம் இருக்கும். கீழே ‘சிவப்பு ஃபில்டர்’ என்று போட்டிருக்கும். புயல் வேண்டுமா, சிவப்பை மாட்டு. இதுதான் வேதம்.

வேதத்தில் ஒரு ஓட்டை உண்டு.

ஃபில்டர் தன் நிறத்தை உள்ளே விடும், எதிர் நிறத்தை மறிக்கும். மறிக்கப்பட்ட நிறம் படத்தில் கறுக்கும், விடப்பட்டது வெளுக்கும். நீல வானத்தில் சிவப்பு ஃபில்டர் அதிசயம் செய்வது இதனால்தான். ஆனால் ஆடி மாதத்து மூடாக்கில் நீலம் எங்கே இருக்கிறது? சாம்பல் வானத்தில் எல்லா நிறமும் ஏறத்தாழ ஒரே அளவு. சிவப்பு ஃபில்டர் அதில் மறித்துக் கறுப்பாக்க எதுவும் இல்லை. மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிட்டு வானத்தை இருந்தபடியே திருப்பிக் கொடுக்கும். ஃபில்டர் விற்கிற கடைக்காரர் யாரும் இதைச் சொல்வதில்லை.

அந்த மூன்று ஸ்டாப் சின்ன விஷயமும் இல்லை. 400 வேக ஃபிலிம் போட்டு, கனத்த மேகத்துக்குக் கீழே, எஃப் 5.6-ல் ஃபில்டர் இல்லாமல் நொடியில் 250-ல் ஒரு பங்கு கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மஞ்சளை மாட்டினால் 125. ஆரஞ்சுக்கு 60. சிவப்புக்கு 30. பாறையில் மோதித் தெறிக்கிற நீரைத் துளித்துளியாக நிறுத்த 500 வேண்டும். 250-ல் துளிகளுக்கு வால் முளைக்கும். 30-ல் எல்லாம் புகை. கையில் இருப்பதோ 135 மில்லிமீட்டர் லென்ஸ், எதிரே கச்சான். முக்காலி வைத்தாலும் காற்று அதன் கால்களைப் பிடித்து ஆட்டும். மணலில் வைத்தால் ஒவ்வொரு அலை திரும்பும்போதும் ஒரு கால் மட்டும் இறங்கும். வானத்தைக் கறுப்பாக்கப் போய் அலையைப் பறிகொடுப்பது என்றால் அந்தப் பேரம் யாருக்கு வேண்டும்?

இருந்தாலும் சிவப்பு வேலை செய்யும் நேரம் ஒன்று முட்டத்தில் உண்டு. இரண்டு மழைக்கு நடுவே மேற்கில் மேகம் கிழிந்து, சூரியன் சாய்வாக உள்ளே வந்து, கிழிசலில் கொஞ்சம் நீலமும் தெரிகிற சில நிமிடங்கள். அந்த ஊரின் மண் தேரி மண், செக்கச்செவேல் என்று இருக்கும். மழைத் தண்ணீர் மேட்டை அரித்துச் சின்ன ஓடைகளாக இறங்கும் இடமெல்லாம் சிவப்பு வழிந்து கடலில் கலக்கும். சிவப்பு ஃபில்டர் மாட்டி எடுத்த படத்தில் இந்த மேடுகள் வெள்ளையாகிவிட்டன. வெயிலில் காய்ந்த சுண்ணாம்பு மேடா, எங்கோ வடக்கே பனி விழுந்த கரையா என்று கேட்கலாம். முட்டம் என்று சொன்னால் முட்டத்துக்காரர்களே நம்பமாட்டார்கள். வானம் கன்னங்கரேல், நிலம் வெள்ளை, நடுவில் ஒரு கடல். விசித்திரமாக இருந்தது, அழகாகக்கூட இருந்தது. ஊர் மட்டும் அதில் இல்லை.

அதே மாலையில், அதே பாறையில் நின்று, ஃபில்டரை மாற்றி எடுத்த இரண்டு துண்டு நெகட்டிவ்கள் இன்றும் அவரிடம் இருக்கின்றன. காண்டாக்ட் பிரிண்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பெரிய வித்தியாசம் வானத்தில் இல்லை, அலையில் இருக்கிறது. எதிர் வெயிலில் அலை உருண்டு மடங்குவதற்குச் சற்று முன்பு, அதன் மேல் விளிம்பு மெலிந்து, ஒளி ஊடுருவிப் பச்சையாகும். இந்தப் பச்சை அரை நொடிகூட நிற்காது. சிவப்பு ஃபில்டர் பச்சையையும் மறிப்பதால் அந்த விளிம்பு அங்கே கறுத்துத் திடமாகிவிட்டது. தண்ணீர் என்பதே போய், வார்த்த இரும்பின் கனம் வந்துவிட்டது. மஞ்சளில் எடுத்ததில் அதே விளிம்பு வெளிச்சத்தோடு இருக்கிறது. உள்ளே சுழலும் மணல் கோடு கோடாகத் தெரிகிறது. கரையோர அலை தன்னோடு எவ்வளவு மணலைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்பது கண்ணால் பார்த்தபோது அவருக்குத் தெரியவில்லை, படத்தில்தான் தெரிந்தது.

மணலைப் பற்றிச் சொல்லும்போது பக்கத்து மணவாளக்குறிச்சியை விட்டுவிட முடியாது. ஆடிக் கடல் கரையைக் கடைந்துவிட்டுப் போன மறுநாள் அங்கே மணலில் கறுப்புப் பட்டைகள் கிடக்கும். லேசான மணலை அலை இழுத்துப்போய்விட, கனமான தாதுக்கள் பின்தங்கிப் படிவதால் வரும் கோடுகள் அவை: இல்மனைட் கறுப்பு, கார்னெட் கருஞ்சிவப்பு. இந்திய அரிய மணல் ஆலை அந்த ஊரில் இருப்பதே இதற்காகத்தான். சிவப்பு ஃபில்டரில் கார்னெட் வெளுத்து, இல்மனைட் மட்டும் கறுப்பாக நிற்கும். சிவப்பு ஃபில்டருக்கு உருப்படியான வேலை கிடைத்தது அவர் அனுபவத்தில் வானத்தில் அல்ல, இந்தத் தரையில்தான்.

இந்த ஃபில்டர் கலையே கடலும் வானமும் ஒரே தகட்டில் விழ மறுத்ததிலிருந்து பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லு க்ரே 1850களின் நடுவில் கடலைப் படமெடுக்கப் போனபோது அவரிடம் இருந்த ஈரக் கொலோடியன் தகட்டுக்கு நீல ஒளி மட்டும்தான் நன்றாகத் தெரியும். கடலுக்குச் சரியாக வெளிச்சம் கொடுத்தால் வானம் வெந்து வெறும் வெள்ளையாகும்; வானத்துக்குக் கொடுத்தால் கடல் கறுத்துப்போகும். அவர் இரண்டு தகடு எடுத்தார். ஒன்று கடலுக்கு, ஒன்று வானத்துக்கு. பிரிண்டு போடும்போது அடிவானக் கோட்டில் இரண்டையும் ஒட்டினார். செத் என்ற ஊரில் 1857-ல் எடுத்த ‘பெரும் அலை’ இப்படி ஒட்டியதுதான். பிடித்த மேகம் ஒன்று கிடைத்துவிட்டால் அதையே வேறு கடலுக்கும் வைத்துக்கொள்வார். அந்தப் படத்தின் ஒரு பிரதி 1999-ல் லண்டன் ஏலத்தில் 5,07,500 பவுண்டுக்குப் போனது. ஏலத்தில் புகைப்படம் ஒன்றுக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் 1873-ல், சாயம் கலந்தால் தகடு மற்ற நிறங்களையும் பார்க்கும் என்று கண்டார். இங்கிலாந்தில் ராட்டன் கம்பெனி 1906-ல் எல்லா நிறமும் பார்க்கும் தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிவப்பைப் பார்க்கத் தெரிந்த தகடு வந்த பிறகுதான் சிவப்பு ஃபில்டருக்கே அர்த்தம் வந்தது. 1912-ல் கோடக் அந்தக் கம்பெனியை வாங்கியது; பெயர் மட்டும் போகவில்லை. பிஸ்கட் டப்பாவில் இருந்த 25 என்பது ராட்டன் வரிசையின் எண்.

கடற்கரையில் இந்தச் சரித்திரமெல்லாம் நினைவுக்கு வராது. நினைவில் இருப்பது உப்பு. கச்சானில் சாரல் கண்ணுக்குத் தெரியாமல் வந்துகொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்தில் லென்ஸ் முகத்தில் மெல்லிய ஆடை படியும். உலர்ந்த உப்பைத் துணியால் துடைத்தால் கீறல் நிச்சயம். அதனால் யூவி ஃபில்டர் எப்போதும் முன்னால் இருக்கும். பாட்டிலில் கொண்டுபோன நல்ல தண்ணீரை அதன்மேல் ஊற்றிக் கரைத்துவிட்டு, அப்புறம்தான் மான்தோல் துணி. கேமராவுக்கு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையும் ரப்பர் பேண்டும். பையில் லென்ஸுக்கு ஒரு ஓட்டை, கண்ணுக்கு ஒரு ஓட்டை.

ஃபில்டர் உப்பில் இறுகிக்கொண்டால் விரலால் கழலாது. அழுத்த அழுத்த வளையம் வளைந்து இன்னும் இறுகும். அவர் செய்த வைத்தியம் எளியது. காலில் இருக்கும் ரப்பர் செருப்பைக் கழற்றி, துடைத்து, அடிப்பாகத்தை ஃபில்டர் விளிம்பு முழுக்கப் படும்படி வைத்து மெதுவாகத் திருகுவார். கழன்றுவிடும். பார்க்கிறவர்களுக்கு, இருபதாயிரம் ரூபாய்ச் சாமானை ஒருவர் செருப்பால் அடிக்கிறார் என்றுதான் தோன்றும். ஊர் திரும்பினால் லென்ஸுகள் மர அலமாரிக்குள் போகும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதற்குள் இரவும் பகலும் ஒரு 40 வாட் பல்பு எரியும்.

மீட்டரும் நுரையில் தடுமாறும். எதைக் கண்டாலும் நடுச் சாம்பலாக்கத் துடிப்பது அதன் சுபாவம். நுரை நிறைந்த சட்டகத்தை அது சொன்னபடி எடுத்தால் நுரை சலவைக்குப் போட வேண்டிய வேட்டி நிறத்தில் வரும். அவர் உள்ளங்கையைக் கடல் வெளிச்சத்தில் நீட்டி, அதை அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டி வைத்துக்கொண்டு மீட்டரை மறந்துவிடுவார்.

எப்போது விரலை அழுத்துவது என்பதை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அதைச் சொன்னவர் வலை பழுது பார்த்துக்கொண்டு பாறை நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். கட்டுமரம் தள்ளியவர், கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்தது. சத்தத்தை வைத்தே சொல்வார்.

“இப்பம் எடுக்காதே மக்ளே. சும்மா பிலிமைத் தொலைக்காதே.”

“பெருசா வருதே, ஐயா?”

“இது பெருசு இல்ல. பெருசு மூணு நாலு சேந்தாப்பில வரும். அதுக்குப் பெறவு கொஞ்சம் அசரும். அந்த அசர்ற நேரத்துலதான் நாங்க மரத்தைத் தள்ளுவோம். உனக்கு வேண்டியது அதுக்கு முந்தினது.”

அலைகள் கூட்டம் கூட்டமாக வருவதற்குக் காரணம் உண்டு. தூரத்துக் கடலில் பிறந்து சற்றே மாறுபட்ட இடைவெளியில் ஓடிவரும் அலைவரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது சில இடத்தில் கூடிப் பெருக்கும், சில இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். பெரியவருக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. உயிர் பிழைக்கக் கற்றுக்கொண்ட கணக்கு அது. அதன் பிறகு படமெடுப்பவர் முதல் பெரிய அலைக்குக் கேமராவைத் தூக்குவதில்லை. இரண்டாவது வரும்போது ஃபோகஸ், மூன்றாவதற்கு ஷட்டர். 36 படம் ஒரு மாலை முழுக்கக் காணும்.

போலரைசரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர்ப்பரப்பின் பளபளப்பை அது அழிக்கும் என்பது உண்மை. ஆனால் கொந்தளிக்கிற கடலில் நீர்ப்பரப்பு ஒரு கோணத்தில் நிற்பதில்லை, அதனால் பாதிப் பளபளப்பு அங்கங்கே போய் மீதி திட்டுத்திட்டாக நிற்கும். நனைந்த பாறையில் அது செய்வது இன்னும் மோசம்: மினுக்கத்தை எடுத்துவிட்டால் பாறை நனைந்ததா காய்ந்ததா என்றே தெரியாது. புயல் படத்தில் ஈரத்தைத் துடைத்துவிட்டு என்ன காட்டப்போகிறோம்? அவருடைய போலரைசர் கோயில் தெப்பக்குளத்துக்கும் நகைக்கடை ஷோகேஸுக்கும் பயன்பட்டது.

பாதி நிறம் பாதி வெறுமையாக வரும் சதுரக் கண்ணாடிகள் அப்போது பெரிய மோகம். 1970களின் கடைசியில் பிரான்சிலிருந்து வந்த கோக்கின் வகை. புகையிலை நிறம், ரோஜா நிறம், ஊதா. சிவகாசியில் அச்சாகி மளிகைக்கடைச் சுவரில் தொங்கிய காலண்டர் கடல்கள் பலவற்றுக்கு வானம் இந்தக் கண்ணாடியிலிருந்து வந்ததுதான். அடிவானத்துக்கு மேலே காவி நிறம் கொட்டிக் கிடக்கும், கீழே கடல் அதைப் பற்றி ஒன்றும் அறியாமல் சாம்பலாகவே இருக்கும். மேலே காவி எரிந்தால் கீழே தண்ணீரும் அதைக் காட்ட வேண்டாமா? இந்தச் சந்தேகம் காலண்டர் வாங்குகிறவர்களுக்கு வந்ததாகத் தெரியவில்லை. சாம்பல் நிறக் கண்ணாடி மட்டும் யோக்கியமானது. வானத்தில் இருப்பதைக் கொஞ்சம் அடக்கி வைக்குமே தவிர இல்லாததைச் சேர்க்காது.

கிழக்குக் கரை வேறு உலகம். அங்கே கடல் கெடுவது ஐப்பசியிலிருந்து. செய்தித்தாளில் ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு’ என்று எண் போட்டு வரும். 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது, 8, 9, 10 என்றால் பெரிய அபாயம், 11 வந்துவிட்டால் தகவல் தொடர்பே அற்றுப்போயிற்று என்று பொருள். பகலில் துறைமுகக் கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏறும், இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. கூண்டு எண் ஏற ஏற அவரும் பஸ் ஏறிவிடுவார். நாகப்பட்டினம், கடலூர், பாம்பன் என்று போயிருக்கிறார். அந்தப் பயணங்கள் அவருக்குக் கற்பித்த பாடம் ஒன்றே: புயல் கரையைக் கடக்கும்போது புயலைப் படமெடுக்க முடியாது.

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது அவர் கடலூரில் ஒரு லாட்ஜ் அறையில் இருந்தார். ஊரெல்லாம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டிருந்தது. அவர் கையில் அதே எஃப்எம்2. ஜன்னலுக்கு வெளியே இருட்டு, பிறகு வெள்ளை. மழை மேலிருந்து கீழே விழவில்லை, பக்கவாட்டில் ஓடியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கடல் இருக்கும் திசையே சத்தத்தில்தான் தெரிந்தது. எந்த ஃபில்டரும் நீரால் ஆன சுவரைத் துளைக்காது. முந்தின நாள் மாலை எடுத்த கடலில் அலைக்கு மேல் அலை அடுக்கி நிற்கிறது, மேகம் வரிவரியாக ஒரு மையம் நோக்கி வளைகிறது. புயலின் படம் என்று கையில் இருப்பது அதுதான். அடங்கிய பிறகு கடல் சேற்று நிறத்தில் குப்பையோடு புரண்டுகொண்டிருந்தது. அவர் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டுப் பண்ருட்டிப் பக்கம் நடந்தார். பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடந்தன. அன்று எடுத்த ரோலில் கடலே இல்லை.

புயல் கடலின் படம் என்றால் உலகமெல்லாம் சுவரில் மாட்டுவது லா ஜுமான் கலங்கரை விளக்கத்தைத்தான். 1989 டிசம்பர் 21 அன்று பிரான்சின் பிரிட்டனி கரைக்கு அப்பால், உவெசான் தீவருகே ழான் கிஷார் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்தது. கோபுரத்தைப் பின்னாலிருந்து இரு கைபோல அணைத்து எழும் அலை, முன்னால் திறந்த கதவில் ஒரு மனிதர். காவலர் தியோடர் மல்கோர்ன், ஹெலிகாப்டர் தன்னை மீட்க வந்ததாக எண்ணிக் கதவைத் திறந்தார். மறுகணமே நிலைமை புரிந்து உள்ளே போய்விட்டார், பிழைத்தார். நாகர்கோவில் கடையொன்றில் இந்தப் போஸ்டரைப் பார்த்த நாளில் அவர் அலையைப் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் இல்லாவிட்டால் அலையின் உயரம் யாருக்குத் தெரியும்?

அதன்பின் முட்டத்தில் எடுத்த படங்களில் ஒரு மூலையில் யாராவது இருப்பார்கள். தூண்டில் வளைவின் கல்மேல் குந்தியிருக்கும் ஒருவர், தலையில் சாக்கு போட்டுக்கொண்டு கடலைப் பார்க்கும் ஒரு பெண். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்துபோன பிறகு இந்தப் படங்களை வேறு மாதிரி பார்க்க வேண்டியதாயிற்று. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. ரப்பரும் வாழையும் சாய்ந்ததை எல்லாரும் படமெடுத்தார்கள். கடலுக்குள் நடந்ததை எடுக்க யாரும் அங்கே இல்லை. புயல் கடலின் படங்கள் எல்லாமே கரையில் நின்றவர்கள் எடுத்தவை. ஒரு பத்திரிகை அட்டைக்கு அந்த வாரம் ‘சீறும் கடல்’ கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை.

இதற்கெல்லாம் வெகு முன்பு, அண்ணாச்சியின் இருட்டறை இருந்த காலத்தில் லு க்ரே செய்ததை அவரும் செய்து பார்த்தார். கார்த்திகையில் கோடியக்கரையில் காலையில் தெற்கு நோக்கி, ஆரஞ்சு ஃபில்டரில் எடுத்த ஒரு மேகம் இருந்தது, அடுக்கடுக்காக, கம்பீரமாக. ஆடியில் முட்டத்தில் எடுத்த அலை ஒன்றும் இருந்தது, அதற்கு மேலே சப்பென்ற வானம். என்லார்ஜரின் கீழே அட்டையை அடிவானக் கோட்டில் ஆட்டி ஆட்டி இரண்டையும் ஒரே பேப்பரில் இறக்கினார். ஒட்டிய இடம் தெரியவில்லை. அண்ணாச்சியே அசந்துபோனார்.

பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் படத்தைக் கண்ணுக்கு ஒட்டப் பிடித்துக்கொண்டு வெயில் பக்கம் திரும்பினார்.

“கடலு நம்ம கடலு. வானம் எங்கேருந்து கொண்டாந்தே?”

படமெடுத்தவர் பதில் சொல்லவில்லை.

“கச்சான் அடிக்கும்போ மேகம் தாந்து ஓடும் மக்ளே. இது நிக்குது. வாடைக்கு நிக்கற மேகம். பெறவு பாரு, அலைக்கு வெயிலு வலது பக்கம் அடிக்குது, மேகத்துக்கு இடது பக்கம். ரெண்டு சூரியனா?”

புரை விழுந்த கண்ணுக்கு அது தெரிந்தது. ஸ்டூடியோவுக்கு வந்த வேறு யாருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சி அந்த ஒட்டுப் படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் மாட்டி, முன்பக்கச் சுவரில் தொங்கவிட்டார். மஞ்சள் ஃபில்டரில் எடுத்த, மணல் கோடுகள் தெரிகிற அலை உள்ளே இருட்டறைக் கதவில் குண்டூசியில் நின்றது. கல்யாண ஆல்பம் பார்க்க வருகிறவர்கள் சுவரைக் காட்டி, “இது ‘அலைகள் ஓய்வதில்லை’யில வர்ற இடம்தானே?” என்பார்கள். 1981-ல் வந்த அந்தப் படத்தை முட்டத்தில் எடுத்ததை ஊர் இன்னும் பேசிக்கொண்டிருந்த நேரம். “ஆமா, அங்கதான்” என்பார் அண்ணாச்சி, பாதி உண்மைதானே. ஒரு மாப்பிள்ளை வீட்டார், பெண்ணும் பையனும் இந்தக் கடலுக்கு முன்னால் நிற்கிற மாதிரி பின்திரை எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். அண்ணாச்சி பேனாவை எடுத்து, பத்தடிக்கு எட்டடித் துணி, பெயிண்ட், ஓவியர் கூலி என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.